உங்களுக்குத் தெரியுமா? இரும்புக் கவசம் பூண்டு ஒரு விளையாட்டு!

இடைக்கால ஐரோப்பிய வீரர்களைப் போல உச்சி முதல் பாதம் வரை எஃகுக் கவசம் பூண்டு மோதும் 'புஹுர்ட்', இன்று பல நாடுகளில் ஆடப்படும் விளையாட்டு.

• வாள், கோடரி எல்லாம் அசல் எஃகு. கூர் மட்டும் மழுங்கடிக்கப்பட்டிருக்கும். வீசி அடிக்கலாம், மல்லுக்கட்டி வீழ்த்தலாம். முனையால் குத்தக் கூடாது.

• ஒரு வீரரின் பாதம் தவிர வேறு உறுப்பு தரையைத் தொட்டால் அந்தச் சுற்றில் அவர் அவுட். கடைசிவரை நிற்கும் அணிக்கே வெற்றி.

• கவசத்தின் எடை பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல். அதைச் சுமந்தபடியே போராடுவதால், வலிமையோடு மூச்சுத் திறனும் வேண்டும்.

• 2013இல் 'பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்' என்ற புஹுர்ட் போட்டி பிரான்ஸின் ஏக்-மோர்த் கோட்டை நகரில் நடந்தது.

• 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தோன்றிய எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்) அமைப்பினரின் கவசப் போரிலோ, எஃகு வாளுக்குப் பதில் பிரம்புதான்!