புஸ்ஸென்று போகும் காசு

வலங்கைமான் சத்தத்துக்குப் பேர் போன ஊர். கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. பட்டாசும் வாணமும் செய்வது அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. பங்குனியில் மகா மாரியம்மனுக்குப் பாடைக் காவடித் திருவிழா வந்துவிட்டால் மேளச் சத்தத்துக்குக் கேட்கவே வேண்டாம். அதே ஊரில்தான் 1869-ல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் பிறந்தார். பேச்சின் இனிமையால் 'வெள்ளி நாவினர்' என்று உலகம் அழைத்தது அவரை. ஆகையால் சரக்குள்ள சத்தம் எது, சரக்கில்லாத சத்தம் எது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது!

வலங்கைமான் கடைத்தெருவானாலும் சரி, சென்னை அண்ணா சாலையானாலும் சரி, சில கார்கள் போகும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள். பஸ் வந்து நிற்கையில் கேட்கும் 'புஸ்' வேறு. அது பிரேக்கில் இருந்த காற்று வெளியேறும் ஓசை. நான் சொல்வது டர்போ வைத்த பெட்ரோல் காரில், ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மறுகணம் கேட்கிற ஓசை. "அம்மா, ஒரு வால்வு மாற்ற வேண்டும், கொஞ்சம் பணம் கொடு" என்று உங்கள் புதல்வர் வந்து நின்றால், பணப் பெட்டியைத் திறக்குமுன் இந்தச் சங்கதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்னஞ்சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் புகுந்தால் பெட்ரோலும் அதிகம் எரியலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். வீணாய்ப் போகிற புகையிடம் வேலை வாங்கும் இந்த யுக்திக்கு 1905-லேயே உரிமைப் பத்திரம் வாங்கியவர் ஆல்ஃபிரட் பூஹி என்ற ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர். 1962-ல் அமெரிக்காவில் டர்போ வைத்த கார்கள் விற்பனைக்கு வந்தன. நம் தமிழ்நாட்டிலும் டர்போ எனர்ஜி என்ற கம்பெனி 1982-ல் தோன்றி, இந்த யந்திரங்களைச் செய்துவருகிறது.

அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. வேகமாய்ப் போகையில் குறுக்கே ஒரு மாடு வருகிறது. சட்டென்று காலை எடுக்கிறோம். எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில் உள்ள த்ராட்டில் என்ற கதவு மூடிக்கொள்கிறது. சக்கரம் மட்டும் உடனே நிற்குமா? அது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இது புரியும். மேலே மதகைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே மடையை அடைத்தால் வாய்க்கால் கரை என்ன ஆகும்? இங்கேயும் அப்படித்தான். போக்கிடம் இல்லாத காற்று திரும்பி வந்து சக்கரத்தின் இதழ்களிலேயே மோதுகிறது. இது ஓயாமல் நடந்தால் டர்போவின் ஆயுள் குறையும்.

ஏரிக்குக் கலிங்கு வைத்தாற்போல இதற்கும் ஒரு வால்வு வைத்தார்கள். கதவு மூடியதும் அது திறந்து, தேங்கிய காற்றை விடுவிக்கும். கேள்வி ஒன்றுதான்: விடுவித்த காற்று எங்கே போவது? கார் செய்கிறவர்கள் அநேகமாய் அதை டர்போவின் வாய்க்கே திருப்பி விடுகிறார்கள். சத்தம் வெளியே கேட்பதில்லை. சத்தத்தில் ஆசை வைத்தவர்களோ அதைக் கழற்றிவிட்டு, காற்றைத் தெருவில் விடுகிற வால்வை மாட்டுகிறார்கள்.

"போவது வெறும் காற்றுதானே?" என்பீர்கள். அது எண்ணி உள்ளே விட்ட காற்று, அம்மணி!

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் நின்று வருகிறவர்களை எண்ணிச் சமையற்கட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார். நூறு பேர் என்றால் நூறு பேருக்கு உலை வைக்கிறார் சமையற்காரர். பந்திக் கதவைச் சாத்தியதும் முப்பது பேர் பக்கத்து வழியாய்த் தெருவுக்குப் போய்விட்டால் முப்பது பேர் சாப்பாடும் வீண். அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து அடுத்த பந்திக்கு அழைத்தாலோ, மறுபடி எண்ணவும் வேண்டாம். ஒரு பருக்கையும் வீணாகாது.

பல கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்து இப்படி ஒரு காற்றுமானி வாசற்காவல் நிற்கிறது. அது சொல்கிற கணக்குப்படிதான் பெட்ரோல் ஊற்றப்படுகிறது. எண்ணிய காற்று தெருவில் போய்விட்டால், அதற்கென்று வந்த பெட்ரோல் சரியாக எரியாமல் கரும்புகையாகிறது. கியர் மாற்றும்போது வண்டி குலுங்கும். சிக்னலில் நிற்க வரும்போது எஞ்சின் அணைந்துபோகலாம். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அரைகுறையாய் எரிந்த பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். அதை மாற்றுவது சில்லறைச் செலவல்ல.

எல்லாக் கார்களிலும் காற்றுமானி உண்டா என்றால், இல்லை. சில கார்கள் எஞ்சினுக்கு அருகே உள்ள அழுத்தத்தை வைத்தே கணக்குப் போடும். அவற்றில் கணக்கு இவ்வளவு பிசகாது. ஆனால் வேறொரு தொந்தரவு உண்டு. தெருவைப் பார்த்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், வண்டி நின்று எஞ்சின் ஓடுகையில் அந்த வழியாகவே வடிகட்டாத காற்று உள்ளே போகும். அறுவடைக் காலத்தில் நம் பக்கத்துச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் தூசி எஞ்சினுக்குள் போனால் நல்லதா?

சரி, மாட்டியாகிவிட்டது. என்ன செய்வது? வண்டியோடு வந்த பழைய வால்வு பரணில் கிடந்தால் அதையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அதுதான் சுலபம். இல்லையென்றால், காற்றைத் திருப்பி விடும் வாய் உள்ள வால்வு வாங்க வேண்டும். மெக்கானிக்கிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது: திரும்பும் குழாய் எங்கே சேர்கிறது? காற்றுமானிக்கும் டர்போவுக்கும் நடுவே சேர வேண்டும். மானிக்கு முன்னால் சேர்த்தால் அதே காற்றை இரண்டு தரம் எண்ண நேரும்.

இரண்டாவது: குழாய் வால்வின் வாய்க்குச் சமமான அகலமா? குறுகலானால் காற்று தேங்கும். சூட்டுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் ரப்பரோ சிலிகோனோ ஆக இருக்கட்டும். இரு முனையிலும் கிளாம்ப் இறுக வேண்டும்.

மூன்றாவது: காற்றுக் குழாயில் துளை போட்டால், அதைக் கழற்றி வெளியே வைத்துத்தான் போட வேண்டும். ஓர் இரும்புத் துகள் உள்ளே விழுந்தாலும் டர்போவின் இதழ்கள் போய்விடும்.

நான்காவது: வேலை முடிந்தபின் காற்றுக் கசிவு பார்த்தாரா, ஸ்கேனர் வைத்துப் பழைய குற்றக் குறிப்புகளை அழித்தாரா?

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் பொதுவாக இந்த வால்வுக்கு வேலையே இல்லை. பெட்ரோல் எஞ்சினைப்போல் காற்று வழியை மூடி அது வேகத்தைக் குறைப்பதில்லை. அதில் 'புஸ்' வரவேண்டுமென்று பணம் செலவழிப்பது சத்தத்தை மட்டும் விலைக்கு வாங்குவதாகும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் வகுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. கம்பெனி கொடுத்த உத்தரவாதத்திலும் இதனால் தகராறு வரலாம்.

பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். "தம்பி, இந்தச் சத்தத்தால் வண்டி ஒரு மைலாவது கூடப் போகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். போகாது. காற்றைத் திருப்பி விட்டால் வேகம் ஒரு சிறிதும் குறையாது, கரும்புகை அடங்கும், நடு ராத்திரியில் எதிர்வீட்டுக் குழந்தை தூங்கும். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல டயராய் இரண்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். மழைநாளில் அவன் வீடு வந்து சேர அது உதவும்.