"32 லட்சம் சொல்றாங்க... எவ்வளவுக்குக் கேட்கலாம்?" - பெரம்பலூர், அரியலூரில் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு பேரக் கணக்கு!

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. வீடு வாங்குவதில் துண்டு கிடையாது, மற்றபடி எல்லாம் அதேதான். வீட்டுக்காரர் சொல்வது ஒரு விலை, மனதில் வைத்திருப்பது வேறு விலை. நம்மில் பலர் கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசிவிட்டு, வீட்டு விஷயத்தில் மட்டும், "கேட்டா தப்பா நினைப்பாங்களோ" என்று கூச்சப்படுகிறோம்.

அந்தக் கூச்சத்தின் விலை என்ன என்று பார்ப்போம். பெரம்பலூர் துறைமங்கலம் பக்கம் 5 சென்ட் இடத்தில் 12 வருடப் பழைய வீடு ஒன்றுக்கு 32 லட்சம் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசி 29 லட்சத்துக்கு முடிக்கிறீர்கள். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி அதிகபட்சம் 90% தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் கடனில் 2.70 லட்சம் குறைகிறது. 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணையில் சுமார் 2,340 ரூபாய். 240 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 5.6 லட்சத்துக்கு மேல்! கையிலிருந்து போடும் பணத்தில் 30,000, பத்திரச் செலவில் 27,000 குறைவது தனி. மொத்தத்தில் ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் அளவுக்கு வரும் தொகை இது.

அதற்காக, "20 லட்சத்துக்குத் தர்றீங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால்? அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. விலையைக் குறைத்துக் கேட்பதில் அவமரியாதை இல்லை, காரணம் சொல்லாமல் குறைப்பதில்தான் இருக்கிறது.

காரணத்தை எங்கே தேடுவது?

முதலில் செல்போனில். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். வாங்கப்போகும் வீட்டுக்கு வில்லங்கம் பார்ப்பது எல்லோரும் செய்வது. பக்கத்து சர்வே எண்களையும் போட்டுப் பாருங்கள். அங்கே சமீபத்தில் நடந்த கிரயங்கள், பத்திரத்தில் காட்டிய தொகையோடு வரும். அந்தத் தொகையே உண்மை விலை என்று நம்பிவிட வேண்டாம். பலர் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் எழுதுகிறார்கள். ஆனாலும், "இந்தத் தெருவுல சதுர அடி இவ்வளவு போகுது" என்று தரகர் சொல்வதை உரசிப் பார்க்க அது போதும்.

அடுத்து, வீட்டுச் சுவர். இரண்டு மாவட்டங்களிலும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் மண் நிறைய. மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண் அது. அஸ்திவாரம் சரியாகப் போடாத வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பங்குனி, சித்திரை வெயிலில் அது நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் கொஞ்சம் மூடிக்கொள்ளும், மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்தால் கண்ணுக்கே தெரியாது. மற்ற சுவர்கள் மங்கிக் கிடக்க, ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். தெரிந்த சிவில் இன்ஜினீயரைக் கூட்டிப்போய், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வெறும் வாய்ப்பேச்சைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

அரியலூர் பக்கம் என்றால் தண்ணீரையும் பாருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி அது. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் கடல் உயிரிகளின் படிமங்களையே பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இத்தனை சிமென்ட் ஆலைகளை ஊருக்குக் கொண்டுவந்தது. நமக்கு ரசிக்க நன்றாக இருக்கும் வரலாறு, பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையா என்று காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும்.

வங்கி மதிப்பீடும் ஒரு காரணம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் 28 லட்சம் என்று எழுதினால், நீங்கள் 32 கொடுத்தாலும் 28-க்குத்தான் கடன் கணக்கு. "பேங்க்ல இவ்வளவுதான் போட்டிருக்காங்க சார்" என்று சொல்வதில் யாருக்கும் மனவருத்தம் வராது, பழி வங்கிமேல் போய்விடும்.

கைடுலைனுக்குக் கீழே போனால்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33% குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் அதைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, பதிவுக் கட்டணத்தை 4%-லிருந்து 2% ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7%-ஐயும் சேர்த்தால் 9%. நீங்கள் எவ்வளவு சாமர்த்தியமாக விலையைக் குறைத்தாலும், வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனால் அந்த மதிப்புக்குத்தான் தீர்வை கட்ட வேண்டும்.

அதோடு முடியவில்லை. வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் வரும் வீட்டை நிஜமாகவே 26 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். வித்தியாசம் 4 லட்சம், கொடுத்த விலையில் 10%-ஐத் தாண்டுகிறது. அப்போது அந்த 4 லட்சமும் உங்கள் வருமானமாகவே கணக்கிடப்பட்டு வருமான வரி வரும். விற்பவருக்கும் 30 லட்சத்துக்கு விற்றதாகத்தான் கணக்கு. அதனால் பேரத்துக்கு முன்பே அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு வலையும் உண்டு. "பத்திரத்துல கைடுலைன் மட்டும் போட்டுக்கலாம், மீதியைக் கையில கொடுத்துடுங்க, ஒரு லட்சம் குறைச்சுக்கறேன்" என்பார்கள். இது பேரத்தில் சேராது. நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்குமேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நமக்கும் கெடுதல்தான். குறைத்து எழுதிய தொகைக்கே கடன் கிடைக்கும். நாளைக்கு நாம் விற்கும்போது, குறைவாக வாங்கியதாகக் காட்டியதற்கு நாம்தான் வரி கட்ட வேண்டும்.

பேசும் முறை

முதல் தடவை வீடு பார்க்கப் போகும்போதே, "இந்த ரூம்ல பீரோ வெச்சுக்கலாம்ல?" என்று சந்தோஷப்படாதீர்கள். வீட்டுக்காரர் காதில் விழுந்தால் பேரம் அங்கேயே முடிந்தது. உங்கள் உச்சவரம்பைத் தரகரிடமும் சொல்ல வேண்டாம். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. கமிஷன் 1% என்றால், விலை 3 லட்சம் குறைந்தாலும் அவருக்கு 3,000 ரூபாய்தான் குறையும். அவருக்கு வேண்டியது வியாபாரம் முடிவது. எந்தப் பக்கம் சீக்கிரம் இறங்குமோ அந்தப் பக்கத்தைத் தட்டுவார்.

உருண்டையாக 28 என்று கேட்பதைவிட, விரிசலுக்கு இவ்வளவு, மொட்டைமாடி ஓதம் சரிசெய்ய இவ்வளவு, வயரிங்குக்கு இவ்வளவு என்று கழித்து 28 லட்சத்து 60 ஆயிரம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாமே, "சரி, 29 போட்டுக்கலாம்" என்று ஏற்றிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது!

ஆடி மாதம் பேச நல்ல மாதம். பத்திரப் பதிவு குறைவாக நடக்கும் காலம் என்பதால், விற்பவர் பொறுமையாகக் காது கொடுப்பார். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பதிந்துகொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருப்பவர் விற்கிறார் என்றால், டிக்கெட் தேதிக்குள் முடிக்க நினைப்பார். "கடன் ரெடி, பதினைந்து நாளில் பதிவு" என்பது அவருக்குப் பெரிய விஷயம், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி என்றால், வாங்கும் நீங்கள்தான் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும். ஆடிட்டரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிச் செலவு, பெண் கல்யாணம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். சீக்கிரம் பணம் தருவதற்காகக் கொஞ்சம் குறைத்துக் கேட்பது நியாயம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அவர் வேறு ஆளைத் தேட முடியாத நேரத்தில், "இன்னும் ரெண்டு குறைங்க" என்பது நியாயமில்லை. நாளைக்கு அதே தெருவில்தான் குடியிருக்கப் போகிறோம்.

தானாகக் குறைந்தால்...

நீங்கள் கேட்பதற்கு முன்பே விலை மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பட்டாவை எடுத்துப் பாருங்கள். கூட்டுப் பட்டாவா? அப்பா பெயரிலேயே இருந்து, பிள்ளைகள் மட்டும் விற்கிறார்களா? பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு, அவர்கள் கையெழுத்து இல்லாமல் 5 லட்சம் குறைத்து வாங்கும் வீடு, கோர்ட்டுக்கு அலைய வைக்கும். ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டு, திட்டம் வராமலே வருடக்கணக்கில் இழுத்த வரலாறு தெரியும்தானே? அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தாலுகா அலுவலகம் வரை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. அங்கீகாரம் இல்லாத மனை என்றால் வங்கிக் கடனே சிக்கல்.

விலை ஒத்துவந்துவிட்டால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2012 டிசம்பரிலேயே வந்துவிட்டது. விலை, அட்வான்ஸ், கெடு தேதி மூன்றும் அதில் இருக்கட்டும், அட்வான்ஸ் வங்கிக் கணக்கு வழியாகப் போகட்டும்.

கடைசி 50,000-ல் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறதா? பணத்தை விட்டுவிட்டுப் பொருளைக் கேளுங்கள். போர் மோட்டார், ஃபேன்கள், இன்வெர்ட்டர், ஹீட்டர், மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க் எல்லாம் வீட்டோடு சேர்த்து என்று பேசுங்கள். ரொக்கத்தில் இறங்காத பலர் இதில் இறங்குவார்கள். ஆனால், ஒன்று விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். சாவி வாங்கப் போகும் அன்றைக்கு மோட்டார் இருந்த இடத்தில் வெறும் பைப் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்!