கோயிலுக்கு அருகே மனை வாங்கும் முன்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் சந்நிதிக்கு அருகிலோ, பூந்தமல்லியை அடுத்த திருவேற்காட்டிலோ மனை வாங்கிக் குடியேற விழையும் பெரியோர் பலர். நல்ல விழைவே. ஆயினும் அம்மனை இறைவனுடைய சொத்தாக இருந்துவிடலாகாது.

‘வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லையே’ என்பர். அச்சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். முன்னோர் இறையிலியாக விட்ட நிலம் பெரும்பாலும் பத்திரப் பதிவு அலுவலகத்தின் படியேறியதே இல்லை. அதில் எவ்வாறு தென்படும்? வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்குரிய ‘அ’ பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பார்த்தல் வேண்டும். உட்பிரிவு ஆகியிருப்பின் பழைய எண்ணையும் தேடுக. சுவாமியின் பெயரோ ‘தேவதாயம்’ என்ற சொல்லோ காணப்பட்டால் முன்பணம் கொடுக்க வேண்டா.

1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அவ்விற்பனை செல்லாது. நெடுங்காலம் குடியிருந்ததைக் காட்டி உரிமை கோரவும் 109ஆம் பிரிவு இடந்தராது.

‘சுற்றிலும் வீடு கட்டியிருக்கிறார்களே’ என்பார் தரகர். அவர்கள் கோயிலுக்கு அடிமனை வாடகை செலுத்துவோராக இருக்கக்கூடும். அத்தகையோர் விற்கக்கூடியது கட்டடத்தை மட்டுமே, மண்ணை அன்று.

கோயில் சொத்துப் பதிவேடு ஒன்று உண்டு. அர்ச்சனைச் சீட்டு வாங்கச் செல்லும் நாளில், செயல் அலுவலரிடம் புல எண்ணைக் கூறி அதையும் கேட்டுவிடலாம்.