வீட்டுத் தென்னையில் நாமே ஏறலாமா?

திருவனந்தபுரத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டோடு சேர்ந்தே வருகிற சொத்து தென்னை. கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் பக்கச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் வீடுகளின் கொல்லையிலும் அது உண்டு. நகருக்கு வெளியே நான்கு சென்ட் மனையில் புதிதாகக் கட்டிய வீட்டின் மூலையிலும் உண்டு. ஊரில் தோப்புத் தென்னையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே மட்டை விழுந்தால் மண்ணில் விழும். இங்கே ஓட்டின் மேல், தண்ணீர்த் தொட்டியின் மேல், சில சமயம் பக்கத்து வீட்டாரின் காரின் மேல் விழும்.

இடவப்பாதி மழைக்கு முன்பாக மரத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று ஆள் தேடினால் ஆள் அகப்படுவதில்லை. தெங்கு கயறுகிறவர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்பார், ஓணம் கழிந்துவிடும். (நம் தேங்காய்க்குள் ஒளிந்திருக்கும் 'தெங்கு' என்ற பழைய சொல், இங்கே அன்றாடப் பேச்சில் உயிரோடு உலவுவது ஒரு மகிழ்ச்சி.) இந்த அலைச்சலில் சலித்துப்போன நம்மவர் சிலர், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவர்கள், "மரம் ஏறும் இயந்திரம் கடையில் கிடைக்கிறதாமே, நாமே ஏறினால் என்ன?" என்று யோசிக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் நின்றபடி துறட்டிக்கு எட்டுகிற குட்டை மரம் என்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட மரத்தில் வீட்டுக்காரர் ஏறவே கூடாது. ஆனால் மேலே எதை வெட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதை ஏறுகிறவர் தலையில் கட்டிவிடவும் கூடாது. அது நம் வேலை.

தென்னை என்றதும் தலையில் தேங்காய் விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். 2010 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஒபாமா மும்பை மணி பவனுக்கு வந்தபோது, அங்கிருந்த தென்னைகளிலிருந்து காய்களை முன்கூட்டியே பறித்துவிட்டார்கள். உலகில் ஆண்டுக்கு 150 பேர் தேங்காய் விழுந்து சாகிறார்கள் என்று ஒரு கணக்கு அடிக்கடி அச்சாகிறது. 2002-ல் ஒரு பயணக் காப்பீட்டு நிறுவனம் விளம்பரத்துக்காகச் சொன்னது பரவிய கதை அது, ஆதாரம் கிடையாது. உண்மையான ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் பீட்டர் பார்ஸ். பாப்புவா நியூகினியில் அலோட்டாவ் என்ற ஊர் மருத்துவமனையின் நான்காண்டுப் பதிவேடுகளைப் புரட்டி, 1984-ல் கட்டுரை வெளியிட்டார். காயத்தோடு சேர்க்கப்பட்டவர்களில் தேங்காய் விழுந்து அடிபட்டவர்கள் 2.5 சதவீதம். இதற்காக 2001-ல் அவருக்கு 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசும் கொடுத்தார்கள். யாரும் பேசாத அவருடைய இன்னொரு கணக்குத்தான் நமக்கு முக்கியம். அதே மருத்துவமனையில் மரத்திலிருந்து விழுதல் முதலிய மரம் சார்ந்த விபத்துகளால் வந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! மரத்தடியில் நடப்பவனைவிட மரத்தில் இருப்பவனுக்கே ஆபத்து பல மடங்கு.

அறுபதடி உயரத்திலிருந்து விழுகிறவர் இரண்டு விநாடியில் தரையைத் தொடுவார். அப்போது வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல். உயிர் தப்பினாலும் முதுகெலும்பு முறிந்தால் மீதி வாழ்நாள் படுக்கையில். ஐம்பது வயதுக்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம்.

இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம். ஜே. ஜோசப் கண்டுபிடித்த கருவி கேரளம் முழுவதும் புகழ் பெற்றது. இரண்டு கால்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிய எஃகுக் கம்பிவடம். ஒரு காலைத் தூக்கினால் அந்த வடம் தளரும், மிதித்தால் உடல் எடையால் இறுகும். இப்படி மாறி மாறி நடப்பது போல ஏறலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கருவியில் உட்கார்ந்தே ஏறலாம். இரண்டும் நல்ல கருவிகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அவை தீர்ப்பது ஏறும் சிரமத்தை மட்டும். கொண்டைக்குக் கீழே போய் நின்றதும், ஒரு கையில் அரிவாளுடன் தலைக்கு மேலுள்ள மட்டையை வெட்டி, அது தன் மேல் விழாமல் விலக்கி, பன்னாடைக்குள்ளிருந்து பாய்ந்து வரும் எறும்பையும் குளவியையும் சமாளிக்க வேண்டும். அதை எந்த இயந்திரமும் செய்து தராது. பாசி பிடித்து வழுக்கும் மரத்திலும், சாய்ந்து வளர்ந்த மரத்திலும் கருவியே தடுமாறும்.

இனி மரத்தின் கணக்கைப் பார்ப்போம். நம்மில் பலர் தென்னையை முருங்கையைப் போல நினைத்துக்கொண்டு, "நன்றாகக் கழித்துவிடு அப்பா" என்கிறோம். முருங்கை வெட்ட வெட்டத் துளிர்க்கும். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் போயிற்று. தண்டில் பட்ட காயமும் ஆறாது. புல்லுக்கு உறவுமுறையான இந்த மரத்துக்கு, மாமரத்தைப் போலப் பட்டை மூடிக் காயத்தை ஆற்றும் திசு இல்லை. ஆகவே ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி கொத்துவது அந்த மரத்துக்குச் செய்யும் நிரந்தரத் தீங்கு.

நல்ல மரத்தின் கொண்டையில் முப்பது முதல் நாற்பது மட்டைகள் இருக்கும். மாதம் ஒன்று வீதம் புது மட்டை விரியும். ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பாளை. அந்தக் குலை வளரும்போது மட்டையின் அடிப்பாகத்தில் சாய்ந்துதான் நிற்கிறது. பச்சை மட்டையை வெட்டினால் குலைக்குத் தாங்கல் போகும், காய்க்கு உணவு தயாரிக்கும் இலையும் போகும். "மழைக்கு முன் பாரம் குறையட்டும்" என்று நாலு பச்சை மட்டையை மட்டும் விட்டு மொட்டை அடிக்கச் சொல்வது, ஒரு வருட வருமானத்தை நாமே வெட்டி எறிவது. கழிக்க வேண்டியவை காய்ந்த மட்டை, காய்ந்த பாளை, தொங்கும் பன்னாடை, முற்றிய காய் இவைதாம். மட்டை மஞ்சளாகித் தொய்ந்தால் உடனே வெட்டச் சொல்லவும் வேண்டாம். தென்கேரளத்தில் 1882 முதல் அறியப்பட்ட வேர்வாடல் நோயாக இருக்கலாம். மட்டையைக் கழிப்பது அதற்கு மருந்தல்ல.

வேறு வழியின்றிப் பச்சை மட்டையை வெட்டத்தான் வேண்டும் என்றால், தண்டை ஒட்டி வெட்டாமல் நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவாயின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். மட்டைத் துண்டு நீளமாக இருந்தால் புழு தண்டுக்குள் போய்ச் சேர்வது கடினம். பார்வைக்கு அழகில்லை என்று பலர் இதை மறுக்கிறார்கள். வண்டுக்கு அழகு தெரியாது.

உண்மையில் வீட்டுக்குப் பாதுகாப்பு தருவது மட்டை கழிப்பதைவிட ஒழுங்கான காய்பறிப்பே. பாளை வெடித்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் காய் முற்றும். 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை பறித்துவிட்டால் தானாக விழுவதற்குக் காய் இருக்காது. பூட்டிக் கிடக்கும் வீட்டு மரம்தான் தெருவுக்கு எமன். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சாவியோடு இதையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். தேங்காயை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

ஏறுகிறவர் மேலே இருக்கும்போதே வேறு சில வேலைகளும் முடியும். குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுப்பார். கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு அதே அளவு மணல் கலந்து கொடுத்தால் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைக் கக்கங்களில் இட்டுவிடுவார். மழைக்காலத்தில் நடுக்குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்தால் குருத்தழுகல். தொடக்கத்திலேயே தெரிந்தால் மரம் பிழைக்கும். கீழே நிற்கும் நமக்கு இது கண்ணில் படாது. அவருக்குக் கொடுப்பதில் வைத்தியர் கட்டணமும் அடங்கியிருக்கிறது என்று கூலி பேசுகிறபோது நினைத்துக்கொள்வது நல்லது.

ஆள் எங்கே? தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இயந்திரத்தில் ஏறவும் மரத்தைப் பேணவும் ஆறு நாள் பயிற்சி அளித்தது. உடல் உழைப்பில் பழகிய இளைஞர்களுக்கே ஆறு நாள் தேவைப்படுகிறது. கொச்சியிலுள்ள அந்த வாரியம் 2023-ல் 'ஹலோ நாரியல்' என்ற தொலைபேசி உதவி மையத்தையும் ஏற்படுத்தியது. அழைத்தால் நம் பகுதியில் பயிற்சி பெற்றவரின் விவரம் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கும் இது உண்டு. ஊரில் மரம் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஏறுகிறவர்களுக்கு 'கேர சுரட்சா' என்ற விபத்துக் காப்பீடும் இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே செலுத்துகிறது. வழக்கமாக நம் வீட்டுக்கு வரும் பெரியவரிடம் அது இல்லாவிட்டால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து அவர் பங்கையும் நாமே கட்டிவிடலாம். பத்து மரம் ஏறி இறங்கும் மனிதருக்கு விண்ணப்பப் படிவம்தான் ஏற முடியாத மரம்.

குட்டை மரத்தில் நாமே பறிக்கிறபோதும் ஒரு எச்சரிக்கை. துறட்டி மூங்கிலாக இருக்கட்டும். அலுமினியக் கோல், இரும்பு ஏணி இவை மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் கேரளத்தில் பலர். மின்வாரியம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. ஈரமான மூங்கிலும் பச்சை ஓலையும்கூட மின்சாரம் கடத்தும். கம்பிக்கு அருகில் மரம் நின்றால் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும், யார் ஏறினாலும் சரி.

கொண்டை போன மரத்திலும், அடித்தண்டு உளுத்த மரத்திலும் பயிற்சி பெற்றவரைக்கூட ஏறச் சொல்லக் கூடாது. நம்மவர் நிறைய வாழும் மும்பை செம்பூரில் 2017 ஜூலையில் தெருவில் நடந்துபோன ஒரு பெண்மணி மேல் தென்னை சாய்ந்து அவர் உயிரிழந்தார். இத்தகைய மரம் பக்கத்து வீட்டில் நின்றால் சண்டை வேண்டாம். கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 238-ஆம் பிரிவு, ஆபத்தான மரத்தை வெட்டவோ காயைப் பறிக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் தருகிறது. நகருக்குள் என்றால் மாநகராட்சிச் செயலருக்கு எழுதலாம். அதுவும் பலிக்காவிட்டால் ஆர்.டி.ஓ.வுக்கு மனுக் கொடுக்கலாம்; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு என்று எழுதியதை 2024 ஜூலை முதல் பாரதீய நாகரிக சுரட்சா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு என்று எழுத வேண்டும்.

வெட்டிய இடத்தில் மறுபடி வைக்கிறவர்கள் சாவக்காடு ஆரஞ்சு போன்ற குட்டை ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு வருடத்தில் பாளை தள்ளும், இளநீருக்குப் பெயர் போனது, பல வருடம் துறட்டிக்கு எட்டும் உயரத்திலேயே நிற்கும். சுவரையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி நடவும்.