வயலில் தெளித்த மருந்து கிணற்றுக்கு வருமா?

மண்டபம் கடற்கரையில் சில அடி மணலைத் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத் தங்குவதே காரணம். மழை இவ்வளவு எளிதாக இறங்கும் மண்ணில், நாம் தெளிக்கும் பூச்சிமருந்தும் போடும் யூரியாவும் அதே வழியில் இறங்காதா?

இதைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் இன்று உள்ளன. மணல் வழியே நீர் செல்லும் வேகத்துக்கு 1856-ல் பிரான்சின் ஹென்றி டார்சி ஒரு விதி தந்தார். முழுதும் நனையாத மண்ணுக்கு அதை 1931-ல் ரிச்சர்ட்ஸ் விரிவாக்கினார். அந்த அடித்தளத்தின் மேல் இம்மாதிரிகள் மூன்று கேள்விகளைக் கேட்கின்றன.

முதலாவது, மண் எது? மணல் நீரை விரைந்து விடும், களிமண் தாமதப்படுத்தும். ஆனால் கோடையில் வெடித்த கரிசல் மண்ணில் முதல் மழை வெடிப்பு வழியே நேராக இறங்கிவிடும்.

இரண்டாவது, மருந்து மண்ணில் ஒட்டுமா? எண்டோசல்பான் மண்துகளை இறுகப் பற்றும். மண் அரித்துச் செல்லும்போது அதுவும் ஓடைக்கும் குளத்துக்கும் போகும். கார்போஃப்யூரான் நீரில் கரைந்து கீழே இறங்கும்.

மூன்றாவது, எத்தனை நாளில் சிதையும்? 30 நாளில் பாதியாகும் மருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி நீரை அடைய 90 நாள் ஆனால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். மணலில், பெருமழையில் 15 நாளிலேயே சேர்ந்துவிட்டால் சுமார் 70 சதவீதம் மிஞ்சும். மருந்து ஒன்றே, மண்ணும் மழையும் முடிவை மாற்றிவிடுகின்றன.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் கற்பிட்டியும் நம்மைப் போன்ற மணல் பூமிதான். அங்கே வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு உரமிட்டு அடிக்கடி நீர் பாய்ச்சியதால், பல கிணறுகளில் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டியது. இந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது.

ஆகவே மழை வரும் அறிகுறி இருந்தால் மருந்து தெளிக்காதீர்கள். யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்துப் போடுங்கள். தொழுஉரம் சேர்த்தால் மணலும் மருந்தை ஓரளவு பிடித்துவைக்கும். மருந்து டப்பாவைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அண்டை வீட்டாரும் குடிக்கும் நீரில் நஞ்சு கலக்காமல் காப்பதும் நம் பொறுப்பே.