வேஷத்துக்கு வரி உண்டா?

மாறுவேட உடை ஆடையா, விளையாட்டுச் சாமானா? சிரிக்காதீங்க, அமெரிக்காவில் இதற்காக கோர்ட் வரை போனார்கள்.

சுங்க அட்டவணையில் ஆடைகளுக்கு 61, 62-ம் அத்தியாயங்கள். பொம்மை, விழாப் பொருள்களுக்கு 95. ரூபீஸ் கம்பெனி இறக்குமதி செய்த ஹாலோவீன் உடைகள் மெல்லிய துணி, நாள்பட உழைக்காதவை. 'விழாப் பொருள்தான்' என்று 2003-ல் அப்பீல் கோர்ட் சொன்னது. வரி பூஜ்யம்!

அதே கம்பெனி சீனாவிலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா உடையைக் கொண்டுவந்ததும் கதை மாறியது. உள்ளே லைனிங், ஜிப், 'டிரைகிளீனிங் மட்டும்' என்ற லேபிள் வேறு. குளிருக்கும் தாங்கும். அசல் ஆடையேதான் என்று 2019-ல் தீர்ப்பு. மேல்சட்டைக்கு அன்றைய வரி 32 சதவீதம்.

மட்டமாய்த் தைத்தால் சலுகை, ஒழுங்காய்த் தைத்தால் வரி. தையல் மெஷினில் கை வைத்தவனுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?