பெட்டிக்குள் ஓர் ஐந்தருவி!

ஆடி மாதத்தில் ஐந்தருவிக்குப் போகிறவர்களுக்கு, அருவி கண்ணில் படுமுன்பே காதில் விழுந்துவிடும். தூரத்தில் கேட்பது 'ஹோ'வென்ற கனத்த முழக்கம். பாறையருகே நெருங்கினால் 'சோ'வென்ற சாரலோசையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். பங்குனியில் போய்ப் பாருங்கள்! முழக்கத்தைக் காணோம். நூல் நூலாக வழியும் நீரின் சலசலப்புத்தான் மிச்சம்.

ஒரு திருகைத் திருப்பி ஆடியைப் பங்குனியாக்கலாம் என்றால் நம்புவீர்களா? அனலாக் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி அதைச் செய்கிறது.

இக்கருவியில் 'வெள்ளை இரைச்சல்' என்று ஒன்று உண்டு. தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாம் பேதமின்றிக் கலந்த இரைச்சல் அது. கேட்டால் பாதி அருவி வந்துவிட்டதென்றே தோன்றும். அதை 'ஹைபாஸ் பில்டர்' என்ற வடிகட்டி வழியே விடுகிறார்கள். அதன் உயிர் ஒரு கண்டென்சர். வேகமாய் அதிரும் மின்சாரத்துக்கு அது வழிவிடும். மெதுவாய் அதிர்வதை மறிக்கும். எந்த எல்லைக்குக் கீழே மறிப்பது என்பதைத் திருகு தீர்மானிக்கிறது. எளிய வடிகட்டியானால், எல்லைக்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் ஒலியின் வீச்சு ஏறக்குறையப் பாதியாகும்.

திருகைத் திருப்பத் திருப்ப முழக்கம் தேய்கிறது. சாரல் மட்டும் நிற்கிறது. அசல் அருவியிலும் நடப்பது ஏறக்குறைய இதுவே. நீர்க்குமிழிகள் பாடுகின்றன என்று 1933-ல் மின்னார்ட் என்ற விஞ்ஞானி கணக்கிட்டுச் சொன்னார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்குச் சுமார் 3,200 தடவை அதிரும்; ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது 320 தடவைதான். பெருவெள்ளத்தில் பெரிய குமிழிகளும் சேர்கின்றன; குரல் கனக்கிறது.

சிந்தசைசர் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் மூக் சிந்தசைசரை அமைத்தார். சரண்ஜித் சிங் 1982-ல் ராகங்களை வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டில் ஒலிக்கும் ஜூபிடர்-8 கருவியில், இந்த வடிகட்டிக்கென்றே தனி நெம்பு உண்டு.

வாத்தியக் கூட்டத்தில் இதன் உபகாரம் பெரிது. சிந்தசைசரின் அடிக்குரலைச் சற்றே வெட்டினால், மிருதங்கத்தின் தொப்பி துலக்கமாய்க் கேட்கும். சுருதி கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பழைய டெலிபோன் 300-க்குக் கீழுள்ள அதிர்வுகளை அநேகமாய் விட்டுவிடும். ஆண் குரலின் அடிச்சுருதி 100, 120 தான். ஆனாலும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்கவில்லையா? விட்டதைக் காது இட்டு நிரப்பிக்கொள்ளும்.

அருவிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. வெள்ளம் பெருகினால் ஐந்தருவியில் குளிக்கத் தடை போடுகிறார்கள். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. அந்தக் கனத்த குரல் கேட்டுத்தான் தாய்மார் பிள்ளைகளின் கையை இறுகப் பிடிக்கிறார்கள். அதை வெட்டிவிட்டு ஆடி அருவி என்று காட்டினால், குற்றாலத்துக்காரர் யாரும் ஒப்பமாட்டார். ஆகவே இரைச்சலை இரண்டாய்ப் பிரித்து, ஒன்றை மட்டும் வடிகட்டி வழியே விட்டுச் சாரலாக்குவது நல்லது. மற்றது அடியில் உறுமிக்கொண்டிருக்கட்டும்.